ஐவி ஒட்டிய பிளாஸ்டர்

“என் கால பொசுக்கிப்புட்டாளே பாவி!”

விடிந்தும் விடியாத குளிரில் மாமியார் கேத்ரின் போட்ட கூச்சல் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தையே எழுப்பிவிட்டது. முழங்காலில் பெரிய கொப்புளம். நேற்று மருமகள் ஐவி ஒட்டிவிட்ட வலி பிளாஸ்டரை உரித்தபோது தோலும் கூடவே வந்திருந்தது.

கொழுந்துச் சாக்கோடு வேலைக்குக் கிளம்பிய ஐவி அப்படியே நின்றாள். தன் கழுத்து வலிக்கென்று ஹட்டன் டவுனில் வாங்கிய பிளாஸ்டர் அது. மாமி முனகுவது பொறுக்காமல் எடுத்துக் கொடுத்தாளே... அதற்கா இந்தப் பேச்சு!

“அம்மாவுக்கு என்னத்தடி ஒட்டுன?” கணவன் டினேஷும் கத்தினான். “பக்கத்துக் காம்பராக்காரங்கல்லாம் வாசல்ல நிக்கிறாங்க!”

“நிக்கட்டும்! நான் ஒட்டுனது மருந்துங்க. ஒட்டிக்கிட்டு அடுப்புக்கிட்ட போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். மாமி, நீங்க அடுப்புல கால காட்டுனீங்களா, இல்லையா?”

“ஐயோ மாதாவே! நானா? இல்லவே இல்ல!”

ஐவி அழுகையை அடக்கிக்கொண்டாள். மிச்சமிருந்த பிளாஸ்டரைப் பிரித்து, இருவரும் பார்க்கவே தன் கழுத்தோரம் ஒட்டினாள்.

“பொழுது சாய வந்து உரிச்சுக் காட்டுறேன். ஒரு கொப்புளம் இருந்தாலும் நானே பொட்டியத் தூக்கிட்டு நோர்வூட்டுக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிர்றேன்!”

அன்று தேயிலை மலையில் அவளோடு ஒருத்தியும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று கொழுந்தைப் பறித்துப் போட்டாள்.

மாலையில் வந்ததும் வராததுமாகத் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் விளக்கடியில் நின்று உரித்தாள். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். டினேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமியார் ஐவியின் கையைப் பிடித்து மெல்ல முணுமுணுத்தாள். “தப்பு பண்ணிட்டேன் மகளே... குளிரு தாங்கல. கால நீட்டி அடுப்படியிலயே தூங்கிப்போனேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு வெக்கத்துல ஒம் மேல பழியப் போட்டுட்டேன்... மன்னிச்சிரும்மா.”

அவள் பிடித்த கையை ஐவி இழுத்துக்கொண்டாள்.

“எங் காதுக்குள்ள சொன்னா எப்புடி மாமி? ஏசுனப்ப லயம் பூரா கேட்டுச்சே!”

“விடேன்டி... வயசானவங்க...” என்றான் டினேஷ்.

“நீங்க சும்மா இருங்க!”

கேத்ரின் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனாள். வாசலெதிரே பீலித் தண்ணீர்க் குழாயில் கை கால் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! எம் மருமக மேல ஒரு குத்தமும் இல்ல! நாந்தான் அடுப்புல கால காட்டுனேன்! காலையில சொன்னது பூராப் பொய்!”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடி விம்மினாள். அப்போதுதான் ஐவிக்கு அடக்கிவைத்த அழுகை வெடித்தது. ஓடிப்போய் மாமியைக் கட்டிக்கொண்டாள்.

“கடைசிக் காம்பராவுக்குக் கேட்டிருக்காது மாமி,” என்றாள் தேம்பிக்கொண்டே. “இன்னொருக்கா சொல்லுங்க.”