அக்காவின் குரலுக்கு மட்டும்

மேசை விளக்கு தானாக அணைந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத் தானாக எரிந்தது. இரண்டு தடவையும் சோப்பு டப்பாவுக்குள்ளிருந்து 'டிக்' என்று ரிலே சுவிட்சின் சத்தம். அவன் சால்டரிங் கோலைக் கீழே வைத்துவிட்டு டப்பாவையே பார்த்தான்.

தெருவில் அவனுக்கு ஈயம் என்று பெயர். செத்த ரேடியோவோ டிவியோ, எதைக் கொண்டுவந்தாலும் ஈயம் வைத்து ஒட்டி உயிர்கொடுத்து அனுப்புவான். ஊர்ச் சாமானுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் வீட்டு டியூப் லைட் மட்டும் மூன்று வாரமாகப் பிணமாய்த் தொங்குகிறதே என்று மனைவி இடித்துக்காட்டாத நாளில்லை. முன்னறைக்கு இப்போது இந்த மேசை விளக்குதான் வெளிச்சம்.

டப்பாவை அவன் செய்தது அக்காவுக்காக. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். பக்கவாதத்தில் விழுந்தபின் அவளுடைய வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போயின. கால் தரையில் இழுபட்டது. இருட்டென்றால் அவளுக்குக் குழந்தையின் பயம். பொழுது சாய்ந்ததும் உள்ளறையிலிருந்து கூப்பிடுவாள், லைட்டு போடச் சொல்லி. பாதி வேலையில் எழுந்துபோய் எழுந்துபோய் அவனுக்கு அலுத்துவிட்டது. ஒரு சின்ன போர்டு, ஒரு மைக், ஒரு ரிலே வாங்கினான். 'லைட்டு போடு', 'லைட்டு அணை' என்று அவளை அறுபது தடவை சொல்லவைத்து, அந்தக் குரலை மட்டும் அதற்குப் பழக்கினான். டிவியில் எவனோ கத்துவதற்கெல்லாம் எரியக்கூடாது அல்லவா. அடையாளம் தெரியாத பேச்சைத் தனியாக ஒரு மெமரி கார்டில் சேர்த்து வைக்கவும் ஏற்பாடு செய்தான், பிறகு கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று.

"ஏன்டா, கிளிக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி இதுக்கு என்னைப் பேச்சு சொல்லிக் குடுக்க வைக்கிற?" என்று அக்கா கோணிய வாயால் சிரித்தாள். "நீ எந்திரிச்சு வந்தா உன் முகத்தையாவது பாப்பேன்."

அவள் போய்ப் பதினெட்டு நாளாகிறது. இன்று மதியம்தான் டப்பாவைக் கழற்றி இந்த விளக்கில் மாட்டினான். தன் குரலை அதற்கு இன்னும் பழக்கவில்லை.

அப்படியானால், அணைக்கச் சொன்னது யார்?

வயர் லூசாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே மழை. ஓட்டில் விழும் தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பதுபோலவும், ஈயப் புகையின் நெடிக்கு அடியில் அக்காவுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை இருப்பதுபோலவும் பட்டது. அவனுக்கு வேலை இருந்தது. எட்டு மணிக்குத் தையல் கடையிலிருந்து மனைவி வந்துவிடுவாள். காலையில் அவள் கேட்டிருந்தாள்: "அண்ணி குரல் அந்தக் கார்டுல இருக்கும்ல? எடுத்துக் குடுங்க. ஒரு தடவை கேக்கணும் போல இருக்கு."

கேட்டால் தெரிந்துவிடும். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள், லைட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். உண்மையில் அன்று மாலை அக்காவின் குரல் நூலாக இளைத்திருந்தது. 'லைட்டு போடு, லைட்டு போடு' என்று அவள் டப்பாவிடம் கெஞ்சியது இந்த மேசைவரை கேட்டது. அடுத்த தடவை டப்பா பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தான். கையில் சூடான கோல் இருந்தது. உள்ளறை பத்தடி தூரம். ஆண்டவன் மனிதனிடம் பெரிய காரியங்களை எப்போதாவதுதான் கேட்கிறான்; பத்தடியைத்தான் தினமும் கேட்கிறான். அன்று அவன் எழுந்து போகவில்லை. சத்தம் நின்றபோது விளக்கு எரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

கார்டை உருவி, பழைய எஃப்எம் பெட்டியில் செருகினான். சிவப்பு எண்கள் மின்னின. அழிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டான். முதல் எண்ணில் அக்கா: 'லைட்டு போடு.' பத்தில் இன்னும் மெல்ல. முப்பதில் வெறும் காற்று. நாற்பத்தொன்றில் அவள் டப்பாவை விட்டுவிட்டாள்.

"தம்பி."

அவ்வளவுதான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் அழித்தான்.

எண் நாற்பத்திரண்டுக்குப் போனது.

நாற்பத்திரண்டு இருக்கக்கூடாது. அவளுடைய கடைசிச் சொல்தான் நாற்பத்தொன்று.

பெட்டியில் மழை பெய்தது. இதே மழை. சால்டரிங் கோல் ஈயத்தில் படும் சீறல். அவனுடைய இருமல், சற்று முன் இருமியது. பிறகு மைக்குக்கு மிக அருகே, அவனைவிட அருகே, கோணிய வாயில் ஒரு மூச்சு.

"நீ எந்திரிக்க வேணாம்டா. வேலையப் பாரு. நானே வர்றேன்."

டிக்.

விளக்கு அணைந்தது. சிவப்பு எண்களும்.

செல்போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. பத்தடி தூரம். அங்கே கட்டில் முனகியது. பிறகு தரையில் ஒரு கால் இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது.

"லைட்டு போடு," என்றான்.

ஒன்றும் இல்லை.

"லைட்டு போடு. லைட்டு போடு."

அதற்கு அவன் குரல் தெரியாது. அவன்தான் பழக்கவில்லை. கால் நெருங்கியது. தைல வாடை. எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்று தெரியவில்லை. குரல் நூலாக இளைத்தது. கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

"அக்கா."

இழுபடும் சத்தம் நின்றது. நாற்காலிக்குப் பின்னால்.

"பயப்படாதடா," என்றது காதருகே. அன்பாக. பிறகு டப்பாவிடம், "லைட்டு போடு."

முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. டிக்.

எதிர்ச் சுவரில் அவனுடைய நிழல். அந்த நிழலின் தோளில், விரல்கள் மடங்கிய ஒரு கை.