ஏழாவது தட்டல்

படம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன. மதிப்பெண் பலகையில் இரண்டு என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

செலின் கண்ணாடி அறைக்குள் நின்று கீழே பார்த்தாள். அரங்கில் ஐந்து விமர்சகர்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நெகிழ்மானி. விமர்சகர்கள் எழுதுவதை நிறுத்திப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்களுடைய நாடியையும் மூச்சையும் தோலின் ஈரத்தையும் படித்து, மானியே மதிப்பெண் போட்டு, மானியே விமர்சனமும் எழுதிவிடும். முப்பதுக்குக் கீழே வாங்கிய படத்தை எந்த அரங்கிலும் காட்ட முடியாது. செலின் எடுத்த ஒரே படம் இது.

"மத்தவங்க மாதிரி சின்ன வயசு விமர்சகர்களையே கேட்டிருக்கலாம் மேடம்" என்றான் மானியை இயக்கும் லோகு. "நீங்கதான் யுத்தத்துல தப்பிச்சவங்க வேணும்னு எழுதிக் குடுத்தீங்க."

"அவங்களுக்குத்தானே புரியும்னு நெனச்சேன்."

"போன மாசம் இதே அஞ்சு பேரு, பூனை பேயா வர்ற படத்துக்கு எழுபத்தெட்டு குடுத்தாங்க."

திரையில் ஒரு குழி. அதற்குள் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். மேலே தும்பிகள். மனித இதயத்தின் ஓசையைத் தேடி மண்ணை உரசிப் பறந்த கொலைப்பொறிகளுக்குக் கரையோர மக்கள் வைத்த பெயர் அது. வேகமாகத் துடிக்கும் நெஞ்சைத்தான் அவை முதலில் கண்டுபிடித்தன. அதனால் தாய்மார்கள் பிள்ளைகளின் முதுகில் தட்டித் தட்டித் துடிப்பைத் தணிக்கப் பழக்கினார்கள். ஒரு தட்டல், நீண்ட காத்திருப்பு, இன்னொரு தட்டல். ஏழாவது தட்டலில் பிள்ளை கல்லாகிவிடும். அந்தக் குழியின் கடைசிப் பிள்ளை செலின். அம்மாவின் கையை அப்படியே படமாக்கியிருந்தாள். வசனம் கிடையாது, தட்டும் ஓசை மட்டும்.

பலகையில் இரண்டு, ஒன்றானது.

அவள் விமர்சகர்களை உற்றுப் பார்த்தாள். ஐவரும் மெத்தை நாற்காலியில் கால்களை மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தியிருந்தார்கள்.

"லோகு, நிறுத்துங்க! அவங்களுக்குச் சலிப்பு இல்ல. ஒளிஞ்சிக்கிட்டிருக்காங்க!"

"அதெல்லாம் இதுக்குத் தெரியாது மேடம். துடிப்பு இல்லன்னா ஈடுபாடு இல்ல."

படம் முடிந்தது. பூஜ்யம். 'யாருடைய நெஞ்சையும் தொடாத படம்' என்று எழுதி மானி முத்திரை வைத்தது.

பட்டியலில் அடுத்தது ஒரு பிஸ்கட் விளம்பரம். வண்ண டப்பா ஒன்று குதித்து ஆடியது. அப்போதுதான் ஐவரும் மூச்சை வெளியே விட்டார்கள். ஒருவர் வாய்விட்டுக் கதறினார். இன்னொருவர் தரையில் உட்கார்ந்து அழுதார். பலகை எழுபதைக் கடந்து, தொண்ணூற்றேழில் நின்றது. 'உள்ளத்தை உலுக்கும் காவியம்' என்றது மானி.

மூத்த விமர்சகர் கஸ்பார் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தார்.

"தங்கச்சி, அது எங்கம்மா கை. நான் எழுதித் தரேன். எங்க வேணா வந்து சொல்றேன்."

"சொன்னா செல்லாதுண்ணே" என்றான் லோகு. "விமர்சகன் வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது, மானிதான் வேணும்னு ஊர் ஊராப் போயி கையெழுத்து வாங்குனதே நீங்கதானே?"

கஸ்பார் தன் மணிக்கட்டிலிருந்த மானியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

லோகு சற்று யோசித்து, அந்த மானியைச் செலின் பக்கம் நகர்த்தினான். "மேல்முறையீடு ஒண்ணு இருக்கு மேடம். இதுல கைய வைங்க. உங்க துடிப்பு நூத்திப்பத்தைத் தாண்டுச்சுன்னா, நெசமாவே மனசு நொந்திருக்கீங்கன்னு ஏத்துக்கும். மறுபடி திரையிடலாம்."

செலின் கையை வைத்தாள். தொண்ணூற்றாறு. நூற்றிரண்டு.

"அப்படித்தாம்மா, கத்து!" என்றார் கஸ்பார். "என்னைத் திட்டு! அழு!"

அவளுக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. நூற்றெட்டு. படத்தை எந்த அரங்கிலும் காட்ட விடமாட்டார்கள், அம்மாவின் கையை இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தாள். நெஞ்சு படபடத்து எழுந்தது. அந்தப் படபடப்பை அவள் உடல் கேட்டுவிட்டது.

முதுகில் யாரோ மெல்லத் தட்டினார்கள்.

எண்பது.

"வேணாம்மா" என்றாள் செலின், அங்கே இல்லாத ஒருத்தியிடம்.

இன்னொரு தட்டல். அறுபத்தொன்று. ஏழாவது தட்டலில் பலகை முப்பத்தெட்டைக் காட்டியது.

'மனுதாரர் அமைதியாக இருக்கிறார்' என்று எழுதி, மானி அடுத்த படத்தை அழைத்தது.