மணிக்கட்டில் வரும் சூடு

செவ்வாய்க்கிழமை காலைகளில் சிங்காநல்லூர் மெட்ரோ நிலையத்தின் கொடைச்சுவர் முன்னால் கூட்டம் இருக்கும். சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக கியூ.ஆர். விரைவுக்குறிகள். ஒவ்வொரு குறிக்கும் பின்னால் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் ஒரு நோயாளி இருந்தார். பெயர் இல்லை, முகம் இல்லை. தமயந்தி எப்போதும் மூன்றாம் வரிசையின் ஓரத்தில் இருந்த குறியிடம்தான் போவாள். கைபேசியில் அதைப் படித்து, தன் வங்கி அட்டையை அதில் தொட்டு, விரல்ரேகை வைப்பாள். அட்டை அவள் பெயரை அனுப்பாது. ஒருமுறை மட்டுமே செல்லும் மறைச்சீட்டை அனுப்பும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது இருவருக்கும் கடைசிவரை தெரியாது.

அவள் கணவன் மருதாசலம் சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நிற்பான்.

ஒன்று மட்டும் திரும்பி வரும். பணம் சேர்ந்ததும் பெற்றவரின் உடல் உணர்வதை அவர் கட்டியிருக்கும் கைப்பட்டை அளந்து, கொடுத்தவரின் கைப்பட்டை வழியே அவர் மணிக்கட்டுக்குச் சூடாக அனுப்பும். அதற்கு நன்றித்துடிப்பு என்று பெயர். அதை நடிக்க முடியாது. மோசடிக்குப் பயந்து கொடுப்பதை நிறுத்தியிருந்த ஊர், அது வந்த பிறகுதான் மறுபடி கொடுக்கத் தொடங்கியது.

ரயிலில் அந்தச் சூடு வரும்போது தமயந்தி கண்ணை மூடிக்கொள்வாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் தன்னால் அந்த முகம் அவளுக்கு வந்ததாக மருதாசலத்துக்கு நினைவில்லை. அது யாராக இருக்கும் என்று ஒருநாள் கேட்டான்.

“பெரியவரா இருக்கோணும். மெதுவாத்தான் வருது. வந்தா சீக்கிரம் போறதில்ல.” பிறகு சிரித்தாள். “ஏனுங்க, ஒரு சூட்டு மேலயா பொறாமை?”

இறங்கும்வரை அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வெகுநாளாக முட்டிவலி. அதைச் சொல்லி அறக்கட்டளையில் பதிந்துகொண்டான். அங்கே யாரையும் துருவிக் கேட்பதில்லை. அவன் கைப்பட்டையை இணைத்துக்கொண்டு, ஒரு குறியை ஒட்டுதாளாகக் கொடுத்து, சுவரில் காலியாக உள்ள கட்டத்தில் ஒட்டச் சொன்னார்கள். அவன் மூன்றாம் வரிசை ஓரத்தில், அந்தக் குறியின் மேலேயே ஒட்டினான். பணம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் மணிக்கட்டில் வருவது தன்னுடைய சூடாக இருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாயன்று அவள் கொடுத்தாள். அவன் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான். அவனுக்குள் இருந்தது வெற்றி. அந்த முகத்துக்கான பசி. அவன் கைப்பட்டை அந்த இரண்டையும் அளந்து பார்த்தது. நன்றி என்று எதுவும் அகப்படவில்லை. அது ஒன்றும் அனுப்பவில்லை.

அவள் பட்டையைத் தேய்த்துப் பார்த்தாள். கழற்றி மறுபடி கட்டினாள். இறங்கும்போதுதான் பேசினாள்.

“போயிட்டாருங்க.”

“ஆரு?”

“அவருதான்.”

அன்று மாலை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தன் சித்தப்பா இறந்தபோதுகூட அவள் இப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. நடக்காத ஒரு சாவின்மேலும் தனக்குப் பொறாமை வருவதை அவன் கவனித்தான்.

மறுநாள் தனியாகப் போய் ஒட்டுதாளை நகத்தால் சுரண்டி எடுத்தான். அடியில் பழைய குறி அப்படியே இருந்தது. தனக்கு வந்த அவள் பணத்தோடு தன் பணத்தையும் சேர்த்து, தன் அட்டையிலிருந்து அனுப்பினான். வெகுநேரம் ஒன்றும் இல்லை. போய்விடலாம் என்று திரும்பியபோது மணிக்கட்டில் மெதுவாகச் சூடு ஏறியது. கைவிடப்பட்டோம் என்று நினைத்திருந்த யாரோ, கூச்சத்தோடு தலைநிமிர்வது போல. அவள் சொன்னது சரிதான். அது சீக்கிரம் போகவில்லை.

வீட்டில் தமயந்தி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இன்னொரு தடவை சுவரில் கொடுத்துப் பார் என்றால் போதும். அதற்குமேல் எதையும் ஒப்புக்கொள்ளக்கூட வேண்டியதில்லை.

“எங்க போயிருந்தீங்க?” என்றாள் நிமிராமல்.

“சும்மா, காலாற.”

சூடு இன்னும் இருந்தது. அவன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டான்.