பீரங்கிப் படகின் பாய்லர்

பாடியில் லாரிகள் திரும்பும் முனைக்குப் பின்னால் இருந்தது அந்தச் சாயப்பட்டறை. வேதமுத்து வந்து சேர்ந்தபோது மத்தியான வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்துச் சித்திரை. உடன் வந்தவன் குணசேகரன். இருவருக்கும் ஒரே பிழைப்பு. பாய்லருக்குள் புகுந்து, கொதித்த தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவத்தைச் சுத்தியால் கொத்தி எடுப்பது. ஒருவன் உள்ளே போனால் மற்றவன் வாசலில் காவல்.

மறுநாள் நெருப்புப் போட்டாக வேண்டும் என்று முதலாளி ரகுநாதன் சொல்லிவிட்டுப் போனார். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் செங்கல்வராயன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வேதமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

"இது இன்னா பாய்லர்னு தெரியுமா?"

"ஆள் பூர்ற ஓட்டை சின்னதா கீது அண்ணாத்தே. அத்தத்தான் பாக்குறேன்."

"தொப்பைய ஊட்லயே வெச்சிட்டு வந்திருக்கணும் மச்சான்," என்றான் குணசேகரன்.

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. அவருடைய தாய்மாமன் கரி அள்ளிப் போட்ட பீரங்கிப் படகின் பாய்லராம் இது. படகை உடைத்து விற்றபோது பட்டறைக்கு வந்ததாம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்த காலம். அந்தக் கரைக்கு ஒரு மூட்டை அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று வெள்ளைக்காரன் அந்தப் படகைக் கடலில் காவல் நிறுத்தியிருந்தான். மாசக்கணக்கில் ஒரே தண்ணீர், ஒரே கரை. எந்த நேரம் எந்தத் தோணி தட்டுப்படுமோ என்று நெருப்பை அணையவே விடமாட்டார்களாம். பாய்லர் இரண்டு. ஒன்று எரிய, மற்றதை ஆறவைத்துக் கொத்துவார்கள். அப்படி ஒருத்தன் இதற்குள்ளே கொத்திக்கொண்டிருந்தபோது தூரத்தில் பாய்மரம் தெரிந்தது. முழு வேகம் வேண்டும் என்று மேலிருந்து மணி அடித்தது. அவசரத்தில் கதவை முடுக்கினார்கள், எரிகிற பாய்லரின் கொதிநீரை இதில் திறந்துவிட்டார்கள், அடியில் நெருப்பை வாரிப் போட்டார்கள். அவன் சுத்தியால் தட்டியது எஞ்சின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

துரத்திப் பிடித்த தோணியில் இருந்தது கருவாடு.

உள்ளே இறங்குகிறவன் கதவின் நட்டை மடியில் முடிந்துகொண்டு போகிற வழக்கம் அந்தப் படகில் அதற்கப்புறம்தான் வந்ததாம். முட்டை வடிவக் கதவு அது. உட்பக்கமாகப் பொருந்தும், வெளியே நட்டால் இறுகும். நட்டு போடாத கதவு உள்ளிருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

வேதமுத்துவும் முடிந்துகொண்டான். சிலுவை போட்டுக்கொண்டு தலையை நுழைத்தான்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த வாடை. கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் நான்கு முழத்துக்கு மேல் போகவில்லை. குழாய்களின் மேல் மண்டி போட்டு ஊர்ந்து, கொத்தத் தொடங்கினான். அடிக்கு அடி காது அடைத்தது.

நிறுத்தினான்.

கொத்துகிற சத்தம் நிற்கவில்லை.

அந்தக் கோடியில், இருட்டில், இன்னொரு சுத்தி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குணசேகரன்தான் விளையாடுகிறான் என்று நினைத்தான். பிறகு தோன்றியது: அவன் நம்மைத் தாண்டி எப்படிப் போயிருக்க முடியும்?

கரண்ட் போயிற்று.

அந்தச் சுத்தியும் நின்றது. யாரோ ஊர்ந்து வரும் சரசரப்பு. முகத்துக்கு நேரே மூச்சு, சோற்றுப்பானையைத் திறந்தாற்போல் வெக்கையாக.

"நட்டைக் குடு நைனா," என்றது ஒரு கிசுகிசுப்பு. "என்னாண்ட இல்ல. மூடிடுவாங்க."

மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். முட்டிக்குக் கீழே குழாய்கள் சூடேறின.

திரும்பி ஊர்ந்தான். வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லை. துழாவிய கையில் இரும்பு தட்டுப்பட்டது. கதவு.

மூடியிருந்தது.

விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். ஒரு நொடி அசையவில்லை. பிறகு கையோடு வந்தது. வெளியே போய் விழுந்தான்.

"கதவை எவன்டா மூடினது?"

"இன்னா மச்சான், கதவு மேலதானே குந்திகினு கீறேன்," என்றான் குணசேகரன். உண்மைதான். அவனுக்கு அடியில் கதவு கிடந்தது. அடுப்புக்குள் பூனை ஒன்று குளிர்ந்த சாம்பலில் சுருண்டு தூங்கியது. ஆனால் வேதமுத்துவின் இரண்டு முட்டியும் கொப்பளித்திருந்தன.

செங்கல்வராயன் அந்தக் கொப்புளங்களைப் பார்த்தார்.

அப்போது ரகுநாதன் வந்தார். உள்ளே கொத்துகிற சத்தம் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு வெளியே நின்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மூடுங்கடா," என்றார். "கொத்தின வரைக்கும் போதும். இப்பவே மூடுங்க." வேதமுத்துவிடம் கையை நீட்டினார். "நட்டைக் குடு."

உள்ளே சுத்தி வேகம் பிடித்தது. மூச்சு விடாமல் அடித்தது.

வேதமுத்து மடியை அவிழ்த்தான். முதலாளியின் கை நீண்டபடியே இருந்தது. கூலி போகும், இனி இந்தப் பக்கம் வேலையும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். ஓட்டையருகே போய்க் குனிந்தான்.

"புடிச்சிக்கோ," என்று சொல்லி, நட்டை இருட்டுக்குள் வீசினான்.

இரும்பில் இரும்பு விழும் ஓசைக்காக நால்வரும் காத்து நின்றார்கள்.

விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே சுத்திச் சத்தம் மறுபடி தொடங்கியது. இப்போது அவசரமில்லாமல், நிதானமாக, வேலை தெரிந்தவன் கொத்துவதுபோல.