மாட்டுக்குப் பதில் பூட்டிய கார்

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? இந்த ஐப்பசி ஈரத்தில் சளியும் இருமலுமாக இருந்தால், மிளகுக் கஷாயம் ஒரு வாய் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். இன்றைக்குச் செங்கமலத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரன் ஆட்சி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். பண்டசோழநல்லூருக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு பழைய ஆலைக்கொட்டகை.

அன்று காலை கொட்டகையைப் பெருக்கப் போன செங்கமலம் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். தரை இறங்கியிருந்தது. முந்தின நாள்தான் அவளும் புருஷன் அரங்கநாதனுமாகச் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இடித்துத் தோள் கழன்றுபோகிற அளவுக்குச் சமப்படுத்தியிருந்தார்கள். இப்போது அதில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு வட்டம். சரியாக மாடு சுற்றிய பாதை. வட்டத்துக்கு நடுவில் அரங்கநாதனின் கார், ராத்திரி வாசலைப் பார்த்து நிறுத்தியது, சுவரைப் பார்த்து நின்றது.

அரங்கநாதன் புதுச்சேரியில் ஒரு துரைக்குக் கார் ஓட்டியவன். துரை சீமைக்குக் கப்பலேறும்போது ஓடாத அந்தக் காரை இவனுக்கே விட்டுவிட்டுப் போனார். இவன் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றுக்கொண்டான். விழுப்புரம் ரோட்டில் ஓடுகிற பஸ்ஸும் காரும் நின்றுபோனால் பார்க்க ஆளில்லை என்று, அப்பா விட்டுப்போன ஆலைக்கொட்டகையைப் பட்டறையாக்க வந்தான்.

கொட்டகைக்கு நடுவில் கரும்பு நசுக்குகிற ஆலை இருந்தது. அதன் நீண்ட சுற்றுமரத்தில் ஜோடி மாடு பூட்டிச் சுற்றவிடுவார்கள். பருவம் முடிகிற அன்று மாட்டை எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று நடத்தி, பூட்டினவன் கையாலேயே அவிழ்த்துவிடுவது அந்த ஊர் வழக்கம். அரங்கநாதனின் அப்பா காலத்துக் கடைசிப் பருவத்தில் அது நடக்கவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்பக்கத்து மாடு விழுந்து செத்தது. அப்போது மூடிய கொட்டகைதான்.

தரை மெழுகுவதற்கு முந்தின வாரம், ஆலையைப் பிடுங்கப் போகிறார்கள் என்று கேட்டு, அரங்கநாதனின் மாமன் மகன் பக்கிரி ஓடிவந்தான்.

"மச்சான், என் ஜோடிய ஓட்டியாரேன். எதிர்ச்சுத்து சுத்தி அவுத்துட்டு அப்பறம் புடுங்கு."

"உன் மாடு ரெண்டும் நிக்கவே தெம்பில்லாம கெடக்குது. எங்கிட்ட பத்து மாட்டு பலம் இருக்குதுடா."

"கார இன்னாத்துக்கு மச்சான் அங்க பூட்டுற?"

"எதிர்ச்சுத்துதான? இதுக்குப் பின்னால போற கியர்கூட இருக்குது!" என்று அரங்கநாதன் சிரித்தான்.

சுற்றுமரத்தில் கயிறு கட்டி, காரில் முடிந்தான். பின்னால் போகிற கியர் விழவில்லை. எத்தனை தடவை போட்டும் விழவில்லை. சலித்துப்போய் முன்னாலேயே ஓட்டினான். மாடு போன அதே பக்கமாக ஒரு முழுச் சுற்று. நடுமரம் முறிந்து ஆலை பெயர்ந்து வந்தது. கயிறும் அறுந்து எங்கேயோ தெறித்தது.

பக்கிரி சிரிக்கவில்லை. "பூட்டுனது நீ. அவுக்க வேண்டியதும் நீதான். கயிறே இல்லியே, எத்த அவுப்ப?" என்றவன், அதற்கப்புறம் கொட்டகைப் பக்கம் வரவேயில்லை.

அந்த வட்டத்தைச் செங்கமலம் மறுபடி மூடினாள். மறுநாள் மூன்று விரல் ஆழம். அடுத்த நாள் ஒரு சாண். அடுப்பு எரிந்து அஞ்சு வருஷமான கொட்டகையில், கிரீஸ் வாடைக்கும் பெட்ரோல் வாடைக்கும் அடியில், பாகு கொதிக்கிற வாசனை கட்டியாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. அரங்கநாதன் காருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் நேராகப் போவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வட்டத்தின் மேலேயே சுற்றிப் போனான். எப்போதும் ஒரே பக்கமாக. அவனுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவனுக்கு முதுகு தேய்த்துவிடும்போது, பிடரியில் கை பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்து, மயிர் உதிர்ந்து, காய்த்துப்போயிருந்தது.

"இன்னாங்க இது?"

"காருக்கு அடியில படுத்துப் படுத்து…"

"ஏங்க, எங்கம்மா வூட்டுக்குப் போயிடலாம். மதகடிப்பட்டு ரோட்டு மேலயே ஒரு கொட்டா போட்டுக்கினு வேல பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வெகுநேரம் அவளையே பார்த்தான். மறந்துபோன பெயரை நினைவுக்குக் கொண்டுவருகிறவன் மாதிரி.

"காலைல போயிடலாம் செங்கமலம். விடிஞ்சதும். என்னால இங்க நிக்க முடியல."

விடிந்தபோது மழை. வெளிச்சமில்லாத, சாம்பல் பூத்த விடியல். டிரங்குப் பெட்டியையும் பாத்திரங்களையும் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, கொட்டகையின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கல் முட்டுக்கொடுத்தாள். வெளியே மழையில் பாதை தெரிந்தது, புளியமரம் தெரிந்தது. அவன் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஏறினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கார் நகர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது எதிரே சுவர்.

வாசல் வந்தது. கடந்து போனது. மறுபடி சுவர்.

"வாசல் பக்கமா ஒடிங்க!"

"ஒடிச்சுட்டுத்தான் இருக்கறேன். பாரு, எம்மாந்தூரம் ஒடிச்சுக்கினு இருக்கறேன் பாரு."

சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறவில்லை. வாசல். சுவர். வாசல். பின்சீட்டுப் பாத்திரங்கள் மெல்ல மெல்லக் குலுங்கின.

"எஞ்சின நிறுத்துங்களேன்!"

"நிறுத்தி எவ்ளோ நேரமாச்சு."

அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. எஞ்சின் சத்தம் இல்லை. மழைச் சத்தம் இருந்தது. இன்னொரு சத்தமும் இருந்தது. கனமான, ஈரமான மூச்சு.

வாசல் வந்தபோது கதவைத் திறந்து குதித்தாள். முட்டி பெயர்ந்தது. எழுந்து வாசற்படிக்கு ஓடி, மழைத்துளி முகத்தில் விழுகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். கார் அந்தக் கோடி இருட்டில் வளைந்து வந்தது. ஓட்டுகிற சீட்டில் ஆளில்லை.

காருக்கு முன்னால் அவன் நடந்து வந்தான்.

கழுத்து குனிந்திருந்தது. கழுத்தின் மேல் ஒன்றுமில்லை. ஆனால் பிடரிச் சதை ஏதோ அழுத்தியது போல் உள்ளே போயிருந்தது. அவனுக்கும் காருக்கும் நடுவில் கயிறில்லை. கார் வந்தது.

"செங்கமலம்… அவுத்து வுடுடி."

ஓடிப் போனாள். பிடரியைத் தடவினாள். தோளைத் தடவினாள். முடிச்சில்லை. பிடிக்க எதுவுமில்லை. காற்றைப் பிய்த்தாள். "நீங்களே அவுருங்க! பூட்டுனவரு நீங்கதான!" என்று கத்தினாள். அவன் கையைத் தூக்கினான். கை நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

நிற்கவும் மாட்டேன் என்கிறான். கூடவே நடந்தாள். கையைப் பிடித்து இழுத்தபடி, காலை ஊன்றியபடி, அழுதபடி. வாசல். சுவர். வாசல். மழை வாசனை போய்விட்டது. பாகு வாசனைதான் இருந்தது.

பக்கிரியைக் கூட்டிவர வேண்டும். அவனுக்குத் தெரியும். அடுத்த தடவை வாசல் வந்ததும் ஓடிவிட வேண்டும்.

வாசல் வந்தது.

அவன் கையை விட்டாள். கால் நிற்கவில்லை.

வாசல் போனது. தலையைத் திருப்பிப் பார்க்க நினைத்தாள். திரும்பவில்லை. பிடரியில் கனம். அவன் வெளிப்பக்கம். அவள் உள்பக்கம். இரண்டு பேருக்கும் கால் ஒன்றாக எழுந்தது. ஒன்றாக விழுந்தது.

மழை விட்டபின் வாசலில் ஓர் ஆள் நின்றான். பக்கிரி. தோளில் கயிறு. உள்ளே எட்டிப் பார்த்தான். அவர்கள் அவன் முன்னாலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போனார்கள்.

"மச்சான்! தங்கச்சி! எங்க போய்த் தொலைஞ்சீங்க, காரையும் கூட வுட்டுட்டு?"

அண்ணே என்று கூப்பிட்டாள். மூச்சுதான் வந்தது. கனமாக, ஈரமாக.

பக்கிரி கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டான். முகம் வெளுத்தது. முட்டுக்கல்லைக் காலால் தள்ளினான். ஒரு கதவு. இன்னொரு கதவு. வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

இருட்டில் கால் எழுந்தது. விழுந்தது.

உங்கள் ஊரிலும் மூடிக்கிடக்கிற கொட்டகை இருக்கும். உள்ளேயிருந்து ஏதாவது கேட்டிருந்தால், கேட்டதைக் கேட்டபடியே எனக்கு எழுதுங்கள்.