வியாகுல மாதாவுக்கு ஊதாச் சேலை

வரதராசன்பேட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதற்கு உபதேசியாராக நான் வந்து சேர்ந்தது தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள். மினி பஸ் என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அதன் சத்தம் தேய்ந்த பிறகு கேட்க வேறு சத்தம் இல்லை.

பங்குச் சாமியார் மாதத்துக்கு இரண்டு முறை வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் மணி அடிப்பது, செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் உபதேசியாரின் வேலை. தங்குவதற்குக் கோயிலின் பின்னால் ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். ஊர் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

என் பெயர் அமிர்தசாமி. வயது ஐம்பத்தெட்டு. ஏலாக்குறிச்சிப் பக்கம் இருபத்தாறு வருடம் இதே வேலை பார்த்தவன். யாரும் போக விரும்பாத இந்த இடத்தை நானாகக் கேட்டு வாங்கினேன். பழைய வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆனி ரோஸ் நின்றாள். இங்கே வந்தால் நிற்க மாட்டாள் என்று நினைத்தேன். நிற்கவில்லைதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆனி ரோஸ் என் மனைவி. கொரோனா இரண்டாம் அலையில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்போது எனக்கும் காய்ச்சல், வேறு வார்டில் கிடந்தேன். எழுந்து வந்தபோது அவளை ஜிப் வைத்த பைக்குள் போட்டு மூடியிருந்தார்கள். கல்லறையில் என்னை நாற்பதடி தள்ளி நிறுத்தினார்கள். ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். கூடாது என்றார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அன்றைய நிலைமை அப்படி. ஆனால் முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் கடைசி முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்த முகத்தை எந்தச் சாயலிலும் நான் இனிப் பார்க்கப் போவதில்லை.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்தது. அன்றைக்குக் கோயிலில் உள்ள சுரூபச் சிலைகளை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். பூசைக்கு வந்த பெனடிக்ட் சாமி கோயிலைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இருந்தாலும் உத்தரவு போடும்போது மட்டும் பிஷப் மாதிரி பேசுவார்.

"உபதேசியாரே, எல்லாத்தையும் மூடிட்டீங்களா?"

"சூசையப்பர், அந்தோணியார், செபஸ்தியாரு முடிஞ்சிது சாமி. வியாகுல மாதாவுக்குத்தான் துணி இல்ல. எலி கடிச்சிப் போட்டுருக்கு."

"வேற ஊதாத் துணி ஏதாச்சும் பாத்துக் கட்டிடுங்க. மூடுனதுக்கு அப்பறம் யாரும் தொடக் கூடாது. பெரிய சனி ராத்திரி பாஸ்கா பூசையில வானவர் கீதம் பாடறப்பத்தான் எடுக்கணும். வயித்துக்கு மட்டும் ஒருசந்தி இருந்தாப் போதுமா? கண்ணுக்கும் இருக்கணும்."

கண்ணுக்கு ஒருசந்தி, கண்ணுக்கும் உபவாசம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஜெயங்கொண்டம் போய் ஒன்றரை மீட்டர் துணி வாங்கியிருக்கலாம். சோம்பலில் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அதில் ரோசின் சேலை ஒன்று இருந்தது. ஊதா நிறக் காட்டன் சேலை, பெரிய வெள்ளிக்கென்றே அவள் வைத்திருந்தது.

வியாகுல மாதா மூன்றடி உயரக் காரைச் சுரூபம். இடப்பக்கச் சுவரோரம் ஒரு பீடத்தில் நிற்கிறாள். தலையிலிருந்து பாதம்வரை சேலையைச் சுற்றி, இடுப்பில் சணல் கயிறு கட்டினேன். மடிப்புகள் தானாக விழுந்த விதம் என்னவோ போலிருந்தது. தள்ளி நின்று பார்த்தபோது, இது தப்பு, உடனே எடு என்று மனசு சொன்னது. எடுக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது.

அந்த வாரம் வழக்கத்தைவிட அதிக நேரம் கோயிலுக்குள்ளேயே இருந்தேன். புது உபதேசியாருக்குப் பக்தி அதிகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அது முந்திரி அறுவடைக் காலம். வெளியே மரத்தடி முழுக்கப் பழம் விழுந்து அழுகிப் புளித்த வாடை, கள்ளுக்கடை பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி மூக்கை அடைக்கும். கோயிலுக்குள் வந்தால் அந்த வாடை நின்றுவிடும். அதற்குப் பதிலாக யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனை வரும். ரோசுக்கு வீசிங் உண்டு. படுக்கும்போது நெஞ்சில் அதைத்தான் தடவிக்கொள்வாள். நாலைந்து வருடம் பெட்டியில் இருந்த சேலையில் வாசனை இவ்வளவு புதிதாகவா இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மூக்கு நிறைய இழுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயந்தரம் மணி அடித்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது, "சாப்பிட்டியா ரோசு?" என்றேன்.

மாதாவிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதை நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். முதலில் பேசியது அது இல்லை, நான்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தோப்பில் கொட்டை பொறுக்க வரும் பாப்பாத்தி கோயில் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அய்யா, வூட்டம்மா ஊருலேர்ந்து வந்துட்டாங்களா?"

"எந்த வூட்டம்மா?"

"கோயிலுக்குள்ள ஒக்காந்துருக்காங்களே, ஊதாச் சேலை கட்டிக்கிட்டு. சன்னல் வழியா கூப்ட்டேன், திரும்பிப் பாக்கல. பாவம், இருமிக்கிட்டே கெடக்காங்க. கஷாயம் வச்சிக் குடுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போய்விட்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சுரூபம் பீடத்தில் நின்றது. இடுப்புக் கயிறு மட்டும் அவிழ்ந்து கீழே கிடந்தது. எடுத்து மறுபடி கட்டினேன். துணிக்குள் கைக்குப் பட்டது காரையின் குளிர்ச்சி இல்லை, சூடு. வெயில் காலம், சுவரெல்லாம் கொதிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரிய சனி வந்தது. வியாழன் பூசைக்குப் பிறகு நற்கருணைப் பேழையைக் காலி செய்து அதன் கதவைத் திறந்தே வைத்துவிடுவார்கள். விளக்கு எரியாது, தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் இருக்காது. மணியும் அடிக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்ட வேண்டும். ஆண்டவர் கல்லறையில் இருக்கும் அந்த இரண்டு நாளும் கோயில் வெறும் கட்டடம். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பெரிய சனிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வெறுமைக்கு அன்றுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

மணி மூன்று இருக்கும். சாமி ஏழரைக்கு வருவார். ஊர் ஆட்கள் ராத்திரி மூட்டும் புதுத்தீக்கு விறகு அடுக்கிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் இருமல் கேட்டது.

துடைப்பம் கையிலேயே நின்றது.

இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. அந்த இழுப்பை முப்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

"ஏங்க..."

திரும்பினேன். சேலைக்குள் இருந்தது மூன்றடி உயரமில்லை. பீடத்திலும் இல்லை. தரையில் நின்றது. அவள் உயரம். வலது தோள் லேசாக இறங்கியிருந்தது, ரோசுக்கு இருந்தது போலவே. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

"மூச்சு முட்டுதுங்க. கட்டி வச்சிட்டாங்க. நீங்களும் கட்டி வச்சிட்டீங்க."

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

"ஒரு தடவ மொகத்தப் பாருங்க. பாக்கணும்னுதான கெடந்து தவிச்சீங்க? துணிய எடுங்க."

என் கால் தானாக நடந்தது. நான்கு எட்டு வைத்திருப்பேன். ஞானோபதேச வகுப்பில் நான் நூறு தடவை சொன்ன பாடம் இது. ஏவாள் பார்த்த கனி அழுகல் கனி இல்லை, அழகான கனி. ஆண்டவரிடம் பிசாசு முதல் நாளே வரவில்லை, நாற்பது நாள் பசித்துக் கிடந்த பிறகுதான் ரொட்டிப் பேச்சோடு வந்தான். எனக்குச் சோற்றுப் பசி இல்லை. என் பசி எதற்கு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கையை நீட்டினேன். விரல் முந்தானையைத் தொட்டுவிட்டது.

ஏன் நிறுத்தினேன் தெரியுமா? பக்தியால் இல்லை. ரோசின் ஞாபகத்தால். கல்யாணமான புதிதில் ஒரு பெரிய வெள்ளியன்று, மணி மூன்றாவதற்குள் ஒருசந்தியை முறித்துத் திருட்டுத்தனமாக டீ குடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டாள். உயிர்ப்பு ஞாயிறு காலைவரை என்னோடு பேசவில்லை. 'ஆண்டவருக்குக் குடுத்த வாக்க ஒரு கிளாஸ் டீக்கு வித்துட்டீங்களே' என்று கடைசியில் அழுதாள். அந்த ரோசு, எடுக்காதே என்று சொன்ன துணியை எடுக்கச் சொல்வாளா?

கையை இழுத்துக்கொண்டேன்.

"ரோசு, இன்னும் ஆறு மணி நேரம்தான். வானவர் கீதம் பாடட்டும். நானே எடுக்கறேன். நீ ரோசுன்னா பொறுத்துக்குவ."

துணி அசைவதை நிறுத்தியது. பிறகு அதே குரல், அதே அன்போடு, மிக அருகில் கிசுகிசுத்தது.

"எடுங்க. அவளுக்குத் தெரியவா போவுது?"

அவளுக்கு.

ரோசு தன்னையே அவள் என்பாளா?

கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். தெரிந்த செபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சேசுவே, சேசுவே என்று மட்டும் சொன்னேன். என்னைச் சுற்றிச் சேலை தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியே யாரோ விறகைப் போடும் சத்தம் கேட்டுக் கண் திறந்தபோது சுரூபம் பீடத்தில் மூன்றடி உயரத்தில் நின்றது.

ராத்திரி புதுத்தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, வாசகங்கள் முடிந்து வானவர் கீதம் ஆரம்பித்தது. மணிகள் ஒன்றாக அடித்தன. பெண்கள் ஓடிப்போய்த் துணிகளை இழுத்தார்கள். வியாகுல மாதாவை யாரும் தொட நான் விடவில்லை. கயிற்றை அவிழ்த்து நானே சேலையை உருவினேன். மாதாவின் காரை முகம், கன்னத்தில் வண்ணம் தீட்டிய கண்ணீர். வேறெதுவும் இல்லை. நிம்மதிப்பட வேண்டிய நேரத்தில், இல்லையே என்று என் நெஞ்சு ஏங்கியதை நான் மறைக்கப் போவதில்லை.

பூசை முடிந்ததும் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"செத்தவங்ககிட்ட பேசாதன்னு வேதம் சொல்லுது. அது செத்தவங்களுக்குப் பயந்து இல்ல உபதேசியாரே. அவங்க பேரச் சொல்லிக்கிட்டு வர்றதுக்குப் பயந்துதான். நீங்க கீழ்ப்படிஞ்சீங்க, தப்பிச்சீங்க. அந்தச் சேலைய எரிச்சிடுங்க."

"சரிங்க சாமி."

"தனியா படுக்கறதுக்குப் பயமா இருந்தா எங்கூட சாமியார் பங்களாவுக்கு வந்துடுங்க."

"இல்ல சாமி. இருந்துக்கறேன்."

புதுத்தீயின் கங்கு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. சேலையை அதில் போட்டு, சாம்பலாகும்வரை குச்சியால் கிளறிக்கொண்டு நின்றேன். சாமியின் பைக் வெளிச்சம் முந்திரி மரங்களுக்குள் மறைந்தது. ஊர் ஆட்களும் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டேன்.

கட்டிலில் என் போர்வைக்குள் யாரோ படுத்திருந்தார்கள்.

தலைமுதல் கால்வரை மூடி, வலது தோள் லேசாக இறங்கி, முகம் சுவர்ப் பக்கம். போர்வை ஏறி இறங்கியது. இரண்டு சின்ன இருமல், பிறகு அந்த நீண்ட இழுப்பு.

இந்தத் தடவை அது எதையும் எடுக்கச் சொல்லவில்லை. பேசவே இல்லை.

அது ரோசு இல்லை என்று எனக்குத் தெரியும். பாலைவனத்தில் ஆண்டவர் பிசாசை விரட்டக் கடைசியில் 'அகன்று போ' என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார் என்பதும் தெரியும். பிள்ளைகளுக்கு அதை மனப்பாடமே செய்ய வைத்திருக்கிறேன். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த இருமலும் போய்விடும். வீட்டில் மறுபடி பல்லிச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

பாயை எடுத்துத் தரையில் விரித்துப் படுத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இன்றுவரை அந்தப் போர்வையை நான் விலக்கிப் பார்க்கவில்லை, அந்த மட்டில் கீழ்ப்படிந்திருக்கிறேன். ஆனால் போகச் சொல்லவும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் எல்லாம் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

நேற்று செபம் முடித்து வீட்டுக்குள் நுழைந்தபோது அது சுவரோரமாக நகர்ந்து படுத்திருந்தது. கட்டிலில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.