பாவாயி நடந்த கடைசிக் காட்சி

பூட்டு உடையவில்லை. மூட்டையின் முடிச்சும் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது வேறு பொம்மை.

1995, சூலூர். காலை எட்டு மணி. கல்யாண மண்டபத்து மேடைக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பாவாயியின் சேலையைக் கட்டிக்கொண்டு ஒத்திகைப் பொம்மை படுத்திருந்தது. துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த உடம்பு. முகம் மட்டும் பாவாயியை அச்செடுத்துச் செய்த காகிதக்கூழ்.

"நெசப் பாவாயி மரத்துல செஞ்சவளுங்க. சாயங்காலம் போத்தனூர்ல ஆட்டம். அவ இல்லாம எப்படிங்க?" என்றார் குழுத் தலைவி இஸ்மத்.

சப்-இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டனுக்குப் பாவாயியைத் தெரியும். நேற்று மாலை மனைவி பூவாத்தாளோடு ஆட்டம் பார்த்தவர் அவர். பெரியவர்களுக்கான நாடகம். முதல் காட்சியில் பாவாயி குடத்தோடு டக், டக் என்று நடந்து வந்தபோதே பூவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். குடிகாரப் புருசன் கையால் செத்த பாவாயி, கடைசிக் காட்சியில் ஆவியாக வந்து ஊரைக் கேள்வி கேட்பாள். "செத்தப்பொறம் சத்தமே இல்லாம வந்தா பாருங்க, எனக்கு உடம்பே சிலுத்துப்போச்சுங்க" என்று பூவாத்தாள் வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பெட்டியைப் பூட்டுனது யாரு?" என்றார் நஞ்சுண்டன்.

"நாந்தானுங்க." முன்னால் வந்தாள் அன்புச்செல்வி. பக்கவாட்டில் மைக் முன் உட்கார்ந்து பாவாயிக்குக் குரல் கொடுப்பவள்.

"தனியாவா?"

"ஆமாங்க. மத்தவங்க சாப்புடப் போயிட்டாங்க. சாவியை அப்பறமா அக்காகிட்டக் குடுத்தேன்."

"மூட்டையைப் பிரிச்சயா அம்மணி?"

"பிரிக்க மாட்டோமுங்க. மேடைல செத்த பொம்மையை, ஆட்டுனவங்களே மூஞ்சியை மூடிக் கட்டிப் பெட்டில வெச்சுப்போடுவாங்க. விடியற வரைக்கும் வேற யாரும் தொடக்கூடாது. எங்க வழக்கமுங்க."

கடைசிக் காட்சியில் ஆட்டியவர் வெங்கடபதி. பாவாயியைச் செதுக்கியவரும் அவரே. மூட்டையைப் பெட்டியில் வைத்த கையோடு இஸ்மத்துடன் சாப்பிடப் போனார். படுக்கும் வரை அவர் தனியாக இருக்கவே இல்லை.

"கடைசிக் காட்சியை ஊரே பார்த்துச்சு. அதுக்கப்பறம் பொம்மைகளோட தனியா இருந்தது இவ ஒருத்திதானுங்க." இஸ்மத் அன்புச்செல்வியைக் காட்டினார். "சொந்தமா ட்ரூப் ஆரம்பிக்கோணும்னு கேட்டா."

"நான் கேட்டது உங்க சம்மதத்தைங்க அக்கா. உங்க பொம்மையை இல்ல."

"பாவாயி கெடைக்காட்டி நீ போத்தனூர் வர வேண்டாம். எங்கேயும் வர வேண்டாம்."

நஞ்சுண்டன் மேடையில் ஏறினார். பொம்மை நடக்கும் பலகை. அதன் பின்னால் ஆளுயரத் திரை; இடைவேளையில் முதல் பாதித் திரையைச் சுருட்டி எடுத்துவிட்டு மாட்டியது. ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் பெஞ்சின் மேல் நின்று நூலைத் தொங்கவிடுவார். அவர் காதை ஒட்டியே கம்பத்தில் ஸ்பீக்கர்.

"ஏனுங்க, பாவாயி நடை அத்தனை அழகா இருக்குதே, எப்படிங்க?"

வெங்கடபதியின் முகம் மலர்ந்தது. "பாதத்துக்குள்ள ஈயமுங்க! நூல்ல தொங்கறவளுக்குக் கால் கனமா இருந்தாத்தான் நடை. இல்லீன்னா காத்துல மெதப்பா."

"ஓ. அதுதான் பலகைல டக், டக்குங்குதா?"

"ஆமா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அம்மணி, இந்த ஒத்திகைப் பொம்மையைக் கொஞ்சம் நடத்திக் காட்டு."

அன்புச்செல்வி நடத்தினாள். துணிப் பாதம் பலகையைத் தொட்டது. சத்தமே இல்லை.

"கடைசிக் காட்சில நடந்தது இதுதானுங்க" என்றார் நஞ்சுண்டன். "ஆவின்னா சத்தம் வராதுன்னு நாங்க நெனச்சுப்போட்டோம். மொகம் ஒண்ணு, சேலை ஒண்ணு, கண்ணை ஏமாத்தியாச்சு. ஆனா வெங்கடபதி, உங்க காதுல ஸ்பீக்கர். பாதச் சத்தம் உங்களுக்கு என்னைக்குமே கேட்டதில்லை. கேக்காத சத்தம் இல்லாமப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? பொம்மை மாறுனது பெட்டில இல்லைங்க, எடைவேளைல. அப்பச் சுருட்டி எடுத்த மொதப் பாதித் திரை எங்கே?"

மூலையில் மூங்கிலோடு கிடந்தது. அன்புச்செல்வி உருட்டிப் பிரித்தாள். உள்ளே பாவாயி. வலது பாதம் கணுக்காலோடு முறிந்திருந்தது.

"எல்லாரும் டீ குடிக்கப் போனப்பக் கை நழுவிருச்சுங்க." வெங்கடபதி தலையைத் தூக்கவில்லை. "யாராச்சும் பொம்மையைக் கீழே போட்டா ஊரையே திட்டறவன் நான். இன்னைக்குப் போத்தனூர்ல எங்க ஊட்டுக்குப் போனதும் ஒட்டிப்போடலாம்னு..."

"கை நழுவுனது தப்பில்லைங்க அண்ணா," என்றாள் அன்புச்செல்வி. "என்னைத் திருடிங்கறப்ப வாயை மூடிட்டு நின்னீங்க பாருங்க."

"பெரிய தப்பு, கண்ணு. மன்னிச்சுக்க."

அவள் முறிந்த பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒட்டுனா சாயங்காலத்துக்குள்ள காயாது. எதிர்ல தறிக் கூடம் இருக்குதுங்களே, தறிக்குப் போடற தோல்ல ஒரு துண்டு வாங்கியாங்க."

வெங்கடபதி ஓடினார். திரும்பி வந்து தோலையும் சுத்தியலையும் அவளிடமே நீட்டினார்.

இஸ்மத் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாவாயியின் காலைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்பட்டுட்டேன், அன்பு. போத்தனூர்ல பாவாயியை மொதல் காட்சிலிருந்து நீயே ஆட்டு. உன் ட்ரூப்புக்குக் கை பழக வேண்டாமா?"

"அப்பக் குரலு?"

"நான் குடுக்கறேன். உன்னளவுக்கு அழ வெக்க முடியாது."

அன்புச்செல்வி சிரித்துக்கொண்டே ஆணியை எடுத்தாள். முறிந்த இடத்தைச் சீவிச் சிறு இடைவெளி விட்டாள். முன்பக்கம் மட்டும் தோல் பட்டை; காலில் இரண்டு ஆணி, பாதத்தில் இரண்டு. பின்பக்கம் திறந்தே இருந்ததால் பாதம் மடங்கியது. ஈயம் அதைக் கீழே இழுத்தது. பலகையில் நடத்தினாள். டக், டக்.